டேவிட் காரிக்: மேடையில் இயல்பு, மனையில் நடிப்பு

உள்ளத்தில் எழும் உணர்ச்சியைப் பிறர் அறியுமாறு வெளிப்படுத்துதற்கு மனிதனுக்கு வாய்த்த கருவிகள் குரல், முகம், கை என்னும் மூன்றாம். துயருற்றவன் கண் கலங்குதலும், சினமுற்றவன் குரல் உயர்தலும், அஞ்சியவன் உடல் நடுங்குதலும் இயற்கை. இவற்றை நம் முன்னோர் மெய்ப்பாடு என்று பெயரிட்டு வகுத்தனர். உள்ளே உள்ள உணர்ச்சியின் அளவிற்கு வெளியே தோன்றும் குறி ஒத்து நிற்குமாயின் அது மெய்ப்பாடு. அளவு கடந்து நிற்குமாயின் மக்கள் அதனை நாடகம் என்று எள்ளுவர். சிறு தலைநோவிற்குப் பெருங்கூச்சலிடுவார் ஒருவரை அவர் வீட்டினரே நாடகமாடுகின்றார் என்பர். நாடகம் என்னும் சொல்லே மிகைக்கும் பொய்ம்மைக்கும் பெயராக வழங்கி வருதல் அக்கலைக்கு நேர்ந்ததொரு பழியாம்.

அப்பழியை நாடக மேடையிலேயே நின்று துடைக்க முயன்று, பெரும்பான்மையும் வெற்றி பெற்றவர் இங்கிலாந்து தேசத்து நடிகர் டேவிட் காரிக் என்பார். எனினும் மேடையினின்று இறங்கிய பின்னர் அவரே அப்பழிக்கு ஆளாயினார். ஒருவரிடத்தே இவ்விரண்டும் அமைந்தமையால் அவருடைய சரித்திரம் நம்மனோர் அறிந்து பயன் கொள்ளத்தக்கது.

பிறப்பும் இளமையும்

காரிக் 1717-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ந் தேதி இங்கிலாந்தின் மேற்கிலுள்ள ஹியர்போர்டு நகரில் பிறந்தார். அவர் பாட்டனார் பிரெஞ்சு தேசத்துப் போர்தோ நகரத்தவர், புராட்டஸ்டண்டு மதத்தினர். 1685-ம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அம்மதத்தினர்க்கு இருந்த உரிமைகளை ஒழித்தபோது, சமயத்தை விட மனமின்றிப் பிறந்த நாட்டை விட்டு இங்கிலாந்திற் புகலடைந்தார். தந்தையார் பீட்டர் காரிக் சேனையில் காப்டன் உத்தியோகம் பார்த்தவர். தாயார் அரபெல்லா, லிச்பீல்டு நகரத்துப் பெருந்தேவாலயத்தைச் சார்ந்த ஒரு குருவின் மகளார். குடும்பம் லிச்பீல்டிலேயே நிலைத்தது. அக்குடும்பத்திற்குப் பொருள் குறைவு. ஆயினும் ஊரார் மதிப்பு நிறைவு. தந்தையார் ஜிப்ரால்டர் கோட்டையிற் பணி புரிந்த ஆண்டுகளில், வீட்டுச் செய்திகளையெல்லாம் அவர்க்கு எழுதி அனுப்பி வந்தவர் இளைஞர் டேவிட்டே.

பத்துப் பதினொரு வயதிலேயே இவருக்கு நாடகப் பித்துத் தலைக்கேறிற்று. அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பார்க்வர் என்பார் இயற்றிய நாடகம் ஒன்றை லிச்பீல்டில் நடத்தித் தாமும் அதில் ஒரு வேஷந் தரித்தார். பின்னர் திராட்சை மது வியாபாரியாகிய சிறிய தந்தையாரிடம் தொழில் பயிலுமாறு லிஸ்பன் நகருக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு நிரம்புமுன்னரே திரும்பிவிட்டார்.

அக்காலத்தில் லிச்பீல்டை அடுத்த எடியல் என்னுஞ் சிற்றூரில், பிற்காலத்தே ஆங்கில அகராதியியற்றிப் புகழ் பெற்ற ஸாமுவேல் ஜான்ஸன் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார். மாணாக்கர் மிகச் சிலர். டேவிட்டும் அவர் தம்பியும் அச்சிலருள் இருவர். ஜான்ஸன் பருத்த உடலும் விகாரமான அசைவும் உடையவர். தம்மினும் இருபதாண்டு மூத்த மனைவியிடத்துப் பேரன்பு பூண்டவர். அவ்வன்பை அவர் காட்டும் முறையை மாணாக்கர் மறைந்திருந்து நோக்கினர். அதனை மிகைப்படுத்தி நடித்துக்காட்டி நண்பரை நகைக்கச் செய்தல் காரிக்கிற்கு வாழ்நாள் முழுதும் வழக்கமாயிற்று. ஆசானையே வேடிக்கையாக்கிய அவ்வழக்கத்தில் அவருடைய கலையின் வித்தும் குறையின் வித்தும் ஒருங்கே இருந்தன.

பள்ளிக்கூடம் நெடுநாள் நடைபெறவில்லை. 1737-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ந் தேதி ஆசானும் மாணாக்கரும் ஒன்றாகவே லண்டன் மாநகர்க்குப் புறப்பட்டனர். ஒருவர்க்கு வயது இருபத்தேழு, மற்றவர்க்கு இருபது. இருவர் கையிலும் காசில்லை. காரிக் லிங்கன்ஸ் இன் என்னும் வக்கீல் சங்கத்திற் பெயர் பதிவு செய்துகொண்டார். சில நாட்களில் தந்தையார் காலமானார். பின்னர் சிறிய தந்தையார் விட்டுச்சென்ற ஆயிரம் பவுன் கைக்கு வந்தது. அதனை முதலாக வைத்து மூத்த சகோதரராகிய பீட்டருடன் கூடி மது வியாபாரந் தொடங்கினார். தமையனார் லிச்பீல்டிலும் இவர் லண்டனிலும் இருந்து அதனை நடத்தினர். ஆயினும் லண்டனில் நாடகசாலை இருக்க, இவர் மனம் கணக்குப் புத்தகத்தில் எங்ஙனம் பொருந்தும்?

அக்காலத்து மேடை

அந்நாளில் லண்டனில் நாடகம் எவ்வாறிருந்தது என்பதை அறிந்தாலன்றிக் காரிக் செய்த மாறுதலின் அருமை புலப்படாது. 1737-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அரசாங்க உரிமை பெற்ற ட்ரூரி லேன், கவென்ட் கார்டன் என்னும் இரண்டு நாடகசாலைகளே அந்நகரில் முறையாக நாடகம் நடத்தலாகும். உரிமையின்றி நடிப்பவர் நாடோடிகளோடு சேர்த்து எண்ணப்பட்டனர்.

அக்காலத்துத் துன்பியல் நடிகருள் தலைவராயிருந்தவர் ஜேம்ஸ் க்வின் என்பவர். அவருடைய முறை வருமாறு: பேசவேண்டிய முறை வந்தவுடன் முன்னே வந்து சபையை நோக்கி நிற்றல், பெரிய குரலில் அடிக்கு அடி ஒரே ஏற்ற இறக்கமாக இசை போல ஓதுதல், அறுக்கும் வாள் போலக் கையை மேலுங்கீழுமாக வீசுதல், பேச்சு முடிந்தவுடன் எதிரில் நிற்பவர் கூறுவதைச் செவிமடாது வாளா நிற்றல். வீரன் என்றால் தலையில் இறகு உயரவேண்டும். அரசி என்றால் நீண்டு புரளும் ஆடையின் நுனியை ஒரு சிறுவன் ஏந்தி வரவேண்டும்.

இம்மிகைக்குக் காரணம் இல்லாமலில்லை. மெழுகுவர்த்தியின் மங்கிய ஒளியில் நுண்ணிய முகக்குறிகள் தொலைவில் இருப்பார்க்குத் தெரியா. செல்வர் சிலர் மேடையின்மேலேயே நாற்காலியிட்டு அமர்ந்திருப்பர். கீழே இருப்போர் ஓயாது இரைச்சலிடுவர். அவ்விரைச்சலை அடக்கி ஒலிக்கவேண்டுமாயின் குரல் இடியாக வேண்டும். கை காற்றாடியாக வேண்டும். முதலில் தேவையினால் வந்தது நாளடைவில் வழக்கமாயிற்று. வழக்கமே பின்னர் இலக்கணமாயிற்று. மனிதர் எவரும் வீட்டிலும் வீதியிலும் அவ்வாறு பேசுவதில்லை என்பதை எல்லாரும் அறிவர். எனினும் மேடையில் அவ்வாறே பேசவேண்டும் என்று எல்லாரும் நம்பினர். 1741-ம் ஆண்டின் தொடக்கத்தில் சார்லஸ் மாக்ளின் என்னும் நடிகர் ஷைலாக் வேஷத்தில் இயல்பான பேச்சைக் கையாண்டு வழி திறந்தார். அவ்வழியைப் பெருவழியாக்கினவர் காரிக்.

மேடையேற்றமும் குடும்பத்தின் துயரமும்

தாயார் அரபெல்லா 1740-ம் ஆண்டிற் காலமானார். அவர் மனம் புண்படும் என்று அஞ்சியே அதுவரை காரிக் தம் விருப்பத்தை அடக்கியிருந்தார் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். 1741-ம் ஆண்டு வேனிற்காலத்தில் இப்ஸ்விச் என்னும் ஊரில் லிட்டால் என்ற பொய்ப்பெயருடன் நடித்துத் தம் ஆற்றலைச் சோதித்துப் பார்த்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 19-ந் தேதி லண்டனின் கீழ்ப்பகுதியில் குட்மன்ஸ் பீல்ட்ஸ் என்னுமிடத்திலிருந்த உரிமையற்ற சிறிய நாடகசாலையில், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு மன்னனாக மேடையேறினார். சங்கீதக் கச்சேரிக்கே கட்டணம் என்றும் நாடகம் இலவசம் என்றும் விளம்பரஞ் செய்து சட்டத்திற்குத் தப்பும் கொட்டகை அது. நடிகரின் பெயரும் விளம்பரத்தில் இல்லை.

கொடியவனாகிய ரிச்சர்டு உறுமிக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்திருந்த சபையோர், அவன் மனிதனைப் போலப் பேசக் கண்டு முதலில் திகைத்தனர். அவன் சூழ்ச்சி நினைக்கையில் முகம் மாறிற்று. பிறர் பேசுகையில் கூர்ந்து கேட்டான். போர்க்களத்துக் கூடாரத்திற் கெட்ட கனவு கண்டு விழித்தபோது அச்சம் முதலிற் கண்ணிலும், பின்னர் கையிலும், அதன் பின்னரே குரலிலும் தோன்றிற்று. திகைப்பு நீங்கிக் கரகோஷம் எழுந்தது. சில நாட்களில் நகரத்துப் பிரபுக்களின் வண்டிகள் அத்தெருவில் வரிசையாக நின்றன. உரிமை பெற்ற இரண்டு நாடகசாலைகளும் வெறிச்சோடின. முதுமையும் நோயும் உற்றிருந்த கவிஞர் போப்பும் வந்து கண்டு வியந்தார். காரிக் செய்வது சரியாயின் தாங்கள் இதுகாறுஞ் செய்தது தவறாகவேண்டும் என்று க்வின் கூறினாராம். இகழ்ச்சியாகச் சொன்ன அச்சொல்லே உண்மையாய் முடிந்தது.

ஊரெங்கும் புகழ் எழுந்த வேளையில் காரிக்கின் உள்ளம் நடுங்கிக்கொண்டிருந்தது. மேடையேறிய மறுநாளே தமையனார் பீட்டருக்கு உண்மையை ஒளியாது எழுதி, மன்னிப்பு வேண்டினார். பீட்டர் பெரிதும் வருந்தினார். மானத்தோடு வாழும் குடும்பத்தில் ஒருவன் கூத்தாடியாவதா, கூட்டு வியாபாரம் என்னாவது, தங்கையர்க்கு என்ன பெயர் வரும் என்பன அவருடைய கவலைகள். குலமானம் பேணும் குடும்பத்தார் அக்கவலையை எளிதில் உணர்வர். பல கடிதங்கள் சென்றன, பல வந்தன. காரிக் தம் வழியை விடவில்லை, தமையனாரையும் விடவில்லை. தாம் ஒழுக்கத்தோடு வாழ்ந்து அத்தொழிலுக்கே மானந் தேடுவதாக உறுதி பூண்டு, அவ்வாறே செய்து முடித்தார். அவர் புகழ் அடைந்த பின்னர் அக்குடும்பம் அவரால் தாழ்வுறாது உயர்வே பெற்றது.

இயல்பின் வெற்றி

காரிக் உயரம் குறைந்தவர். இடிக்குரலும் அவர்க்கில்லை. ஆதலின் பிறர் உடலாலும் குரலாலும் நிரப்பிய மேடையை இவர் கூர்ந்து நோக்கிய நோக்கினால் நிரப்பவேண்டியதாயிற்று. லியர் அரசனின் பித்தத்தை நடிக்க அவர் கற்ற வகையைப்பற்றி ஒரு வரலாறு கூறுவர். அவர்க்கு அறிமுகமான ஒருவர் தம் சிறு பெண் குழந்தையைச் சாளரத்தருகே ஏந்தி விளையாட்டுக் காட்டுகையில் குழந்தை கைந்நழுவி வீழ்ந்து இறந்தது. அன்று முதல் அவர் அறிவு திரிந்து, நாள்தோறும் அச்சாளரத்திற்குச் சென்று குழந்தையைக் கொஞ்சுவார் போலவும் நழுவவிடுவார் போலவும் செய்து கதறுவாராயினர். காரிக் அவரைப் பலகாற் சென்று கண்டு, பெருந்துயர் எவ்வாறு வெளிப்படும் என்பதை அங்கே அறிந்தாராம்.

நகைச்சுவையிலும் அவர் அளவையே கடைப்பிடித்தார். பென் ஜான்ஸன் இயற்றிய நாடகமொன்றில் டிரக்கர் என்னும் ஏமாளியான புகையிலை வியாபாரி வேஷம் உண்டு. பிறர் அதில் முகத்தைக் கோணி நகைப்பூட்டுவர். காரிக்கோ யாதொன்றுஞ் செய்யாதவர் போல நின்று சபையை வயிறு குலுங்கச் செய்தார். லிச்பீல்டு மளிகை வியாபாரி ஒருவர் பீட்டரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு லண்டன் சென்று, முதலில் இவ்வேஷத்தைக் கண்டாராம். கண்டவர் கடிதத்தைக் கொடாமலே ஊர் திரும்பி, தம்பியார் செல்வராயிருக்கலாம், ஆனால் அவ்வளவு அற்பமான ஆளைத் தாம் கண்டதில்லை என்று தமையனாரிடமே சொல்லிவிட்டாராம். நடிப்பை மெய்யென்று மயங்கிய அவ்வியாபாரி தம்மை அறியாமலே காரிக்கைப் புகழ்ந்தவராயினார்.

இதனையொத்த செய்தி பீல்டிங் என்பார் 1749-ல் வெளியிட்ட டாம் ஜோன்ஸ் என்னும் கதையிலும் வருகின்றது. அக்கதையில் பார்ட்ரிட்ஜ் என்னும் பேதை காரிக் நடித்த ஹாம்லெட்டைக் காண்கின்றான். ஆவியைக் கண்டு நடுங்குபவன் நடிகனே அல்லன் என்பது அவன் முடிவு. அந்நிலையில் எவனும் அவ்வாறே நடுங்குவானாதலின் அதில் திறமை யாது உளது என்கின்றான். அரசன் வேஷம் போட்டு உரத்த குரலில் தெளிவாகக் கத்தியவனே அவனுக்குச் சிறந்த நடிகன். மிகையையே கலையென்று பழகிய கண்ணுக்கு இயல்பு கலையாகத் தோன்றாது என்பதை இதனினும் நயமாக எவரும் எடுத்துக் காட்டினாரில்லை.

1746-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கவென்ட் கார்டனில் க்வினும் காரிக்கும் ஒரே நாடகத்தில் எதிரெதிரே தோன்றினர். அதனைப் பள்ளிச் சிறுவராயிருந்து கண்ட ரிச்சர்டு கம்பர்லண்டு முதுமையில் தம் நினைவுகளில் அதனை வரைந்துள்ளார். பச்சை வெல்வெட்டு அங்கியும், மாபெரும் பொய்ம்மயிரும், குதியுயர்ந்த சதுர மூக்குச் சோடும் அணிந்து க்வின் அசைந்து நின்று ஓதினார். காரிக்கோ உடல் முழுதும் உயிராய்த் துள்ளி வந்தார். ஒரு நூற்றாண்டை ஒரே அடியில் தாண்டியது போலிருந்தது என்பது கம்பர்லண்டின் கருத்து. ஆயினும் அன்று கரகோஷம் க்வினுக்கே மிகுதி என்பதையும் அவர் மறையாது எழுதினார். பழக்கம் அத்துணை வலியுடையது.

இயல்பிலும் மிகை

இவ்வளவு கூறியதனால் காரிக்கிடம் மிகையே இல்லை என்று கொள்ளற்க. தியோபிலஸ் ஸிப்பர் என்னும் நடிகர், காரிக் வேண்டாதவிடத்தும் திடுக்கிடுகின்றார், உடலைத் துடிக்கச் செய்கின்றார், சித்திரம் போல் நிலைத்து நிற்றலில் அளவுகடந்த ஆசை வைக்கின்றார் என்று 1756-ல் எழுதினார். பொறாமை கலந்ததாயினும் அது முழுப்பொய்யன்று. ஹாம்லெட் ஆவியைக் காணுமிடத்தில் மயிர் சிலிர்த்து நிற்பதற்கென்றே பொறியமைத்த பொய்ம்மயிர் ஒன்றை அவர் செய்வித்திருந்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. ஷேக்ஸ்பியரைத் தெய்வமாகப் போற்றிய அவரே, மக்பெத் இறக்குங்கால் பேசுவதற்கென ஷேக்ஸ்பியர் எழுதாத பேச்சொன்றைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டார். இறக்குங் காட்சியில் தமக்குள்ள திறமையைச் சபையோர் இழக்கலாகாது என்பது அவர் எண்ணம். லியர் அரசன் கதையை மங்கலமாக முடிக்கும் பிறர் திருத்தத்தையும் அவர் முற்றும் நீக்கவில்லை.

ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பெர்க் 1775-ம் ஆண்டையொட்டி லண்டனில் காரிக்கைக் கண்டு, அவர் நிற்பது, நடப்பது, தொப்பியைச் சரிசெய்வது ஆகியவற்றையும் நுணுகி எழுதினார். அவர் எழுதியவற்றை நோக்குமிடத்து ஒன்று விளங்கும். காரிக்கின் நடிப்பும் அன்றாட வாழ்க்கையினும் பெரிதாக்கப்பட்டதே. ஆனால் அப்பெருக்கம் உணர்ச்சியின் வேரிலிருந்து வளர்ந்தது. சிற்பி ஒருவன் மலையுச்சியில் நிறுத்தும் உருவத்தின் கண்ணைப் பெரிதாகச் செதுக்குகின்றான். கீழே நின்று காண்பார்க்கு அது அளவாகவே தோன்றும். கலையில் மிகை அத்தகையதாயின் குற்றமன்று. உள்ளீடின்றி உருவம் மட்டும் பெருத்தலே குற்றம்.

நாடகசாலைத் தலைமை

1747-ம் ஆண்டில் லேஸி என்பாருடன் கூடி ட்ரூரி லேன் நாடகசாலையின் உரிமையாளரானார். 1749-ல் வியன்னா நகரத்திலிருந்து வந்த ஏவா மரியா என்னும் நாட்டியப் பெண்மணியை மணந்தார். மக்கட்பேறு இல்லாவிடினும் அவ்வில்லறம் இனிது நடந்தது. ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் அந்நாடகசாலையை நடத்தினார். ஒத்திகைக்கு வாராத நடிகரைக் கண்டித்தார். மேடையின்மேல் அமர்ந்திருந்த செல்வரை அறுபதுகளின் தொடக்கத்திற் கீழே இறக்கினார். பிரெஞ்சு தேசஞ் சென்று திரும்பியபின் விளக்கமைப்பைத் திருத்தினார். இவை சிறு செயல்கள் போலத் தோன்றும். ஆனால் ஒளி வந்ததும் கூட்டம் விலகியதும் நடிகன் கத்தவேண்டிய காரணம் நீங்கிற்று. மிகையைக் கண்டித்தல் எளிது. மிகை தோன்றும் காரணத்தை நீக்குதலே அறிவுடைமை.

பாரிஸ் நகரத்து விருந்துகளில் அவர் செய்து காட்டிய வித்தை ஒன்றை தீதெரோ என்னும் தத்துவ ஞானி எழுதி வைத்தார். இரண்டு கதவுகளின் இடையே தலையை மட்டும் நீட்டி, சில நொடிகளுக்குள் களிப்பு, அமைதி, வியப்பு, துயரம், அச்சம், பேரச்சம் என்று முகத்தை மாற்றி, மீண்டும் படிப்படியே களிப்பிற்குத் திரும்புவாராம். அச்சில நொடியில் இத்தனையும் ஒருவன் உள்ளம் உணர்தல் கூடுமோ என்று வினாவிய தீதெரோ, சிறந்த நடிகன் உணர்வதில்லை, உணர்ச்சியின் குறிகளை அறிந்து ஆள்கின்றான் என்னுங் கொள்கையை நிலைநாட்டினார். நடிகனுக்கு அவ்வாற்றல் பெருமை. ஆனால் அவ்வாற்றல் வீட்டிற்கும் உடன் வருமாயின் யாது விளையும்?

மனையில் நடிப்பு

காரிக் நண்பர் விருந்தில் ஒருபொழுதும் ஓய்ந்திருப்பதில்லை. நுழையும்போதே எல்லாருடைய கண்ணும் தம்மேல் விழவேண்டும். நகைச்சுவை கூறி நகைப்பு எழாவிடின் முகம் வாடிவிடுவார். பத்திரிகையில் எவனோ ஒருவன் குறை கூறினாலும் இரவெல்லாம் உறங்கார். மக்பெத் வேஷம் போடுமுன்னர்ப் பிறர் பழித்தல் கூடும் என்றஞ்சி, தம் குறுகிய உருவத்தைத் தாமே பழித்துப் பெயரின்றி ஒரு சிறு நூல் 1744-ல் வெளியிட்டார். பழியையும் தாமே நடித்து முடித்துவிட வேண்டும் என்னும் விருப்பம் போலும். ஆலிவர் கோல்டுஸ்மித் தாம் இறப்பதற்குச் சிறிது முன் 1774-ல் எழுதிய நகைச்சுவைப் பாட்டொன்றில், காரிக் மேடையில் இயல்பாகவும் எளிமையாகவும் இருந்து, மேடையைவிட்டு இறங்கியதும் நடிக்கத் தொடங்குகின்றார் என்னும் கருத்தை அமைத்தார். நண்பர் குழாத்தில் எல்லாரும் அறிந்திருந்த உண்மையாதலால் அது நெஞ்சில் தைத்தது.

எல்லாரினும் மிகுதியாகப் புண்பட்டவர் பழைய ஆசான் ஜான்ஸன். மாணாக்கர் செல்வராகி மாளிகையும் வண்டியும் உடையராயிருக்க, ஆசான் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். 1752-ல் ஜான்ஸன் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஏழை நண்பனை அழைத்து, விலையுயர்ந்த கம்பளத்தின் மூலையை மட்டும் தூக்கிக் காட்டியும், பீங்கான் பாத்திரங்களைப் பெருமை பேசியும் துன்புறுத்தும் ஒரு செல்வனின் சித்திரம் அதில் இருந்தது. அது தம்மைப்பற்றியதே என்று காரிக் உணர்ந்து வருந்தினார். எனினும் ஜான்ஸன் இயற்றிய ஐரீன் என்னும் நாடகத்தை 1749-ல் தம் மேடையில் ஒன்பது இரவு நடத்தி அவர்க்குப் பொருள் கிடைக்கச் செய்தவரும் காரிக்கே. அவர் கஞ்சர் என்று பிறர் தூற்றியபோது, இங்கிலாந்தில் அவரினும் மிகுதியாக ஈந்தவர் அரியர் என்று எதிர்வாதஞ் செய்தவரும் ஜான்ஸனே. ஆசான் தாம் கண்டிப்பார். பிறர் கண்டிக்கப் பொறார்.

காட்சியாசை உச்சமடைந்தது 1769-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ந் தேதி முதல் மூன்று நாட்கள் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்டிராட்போர்டில் காரிக் நடத்திய பெருவிழாவில். பீரங்கிகள் முழங்கின, மண்டபம் எழுந்தது, காரிக் தாமே இயற்றிய வாழ்த்துப்பாவை இசையோடு ஓதினார். ஆனால் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றேனும் அங்கு நடைபெறவில்லை. மழை இடைவிடாது பெய்து ஆற்றில் வெள்ளம் ஏறிற்று. வேஷ ஊர்வலம் நின்றது. காரிக்கிற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பவுன் நஷ்டம். எவரைப் போற்றவந்தனரோ அவரை மறைத்துவிட்டது போற்றுதலின் மிகை. ஆயினும் காரிக் சளைத்தவரல்லர். நடவாத அவ்வூர்வலத்தையே ட்ரூரி லேனில் நாடகமாக்கி ஏறத்தாழத் தொண்ணூறு இரவு நடத்தி, இழந்ததை மீட்டார்.

விடையும் இறுதியும்

1776-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி காரிக் கடைசி முறையாக மேடையில் தோன்றினார். அவ்விரவின் வருமானம் நலிந்த நடிகர்க்கென ஏற்பட்ட நிதிக்கு உரியதாயிற்று. அன்று அவர் பெருந்துன்ப வேஷமெதுவும் மேற்கொள்ளாது இன்ப நாடகமொன்றில் நடித்தார். முடிவில் நடிகர் எதுகையமைந்த பாட்டொன்றைக் கூறி விடைபெறுதல் அக்கால வழக்கம். காரிக் அத்தகைய பாட்டுக்கள் பல நூறு எழுதத்தக்கவர். ஆயினும் அன்று பாட்டு வேண்டா என்று விட்டு, எளிய வசனத்திற் சில சொற்களே கூறினார். குரல் தடைப்பட்டது; கண்ணீர் பெருகிற்று; வணங்கிப் பின்னே நடந்து மறைந்தார். அடுத்து நடக்கவிருந்த சிறு நாடகத்தைக் காணச் சபையோர் மனங்கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் கைதட்டலை வேண்டி நின்றவர், மெய்யான துயரம் வந்த பொழுதில் அணியையெல்லாம் கழற்றி வைத்தார். அவருடைய நடிப்புகளுள் எதனையும்விட அச்சில சொற்களைக் கேட்டவர் மறந்திலர்.

1779-ம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ந் தேதி லண்டனில் காரிக் காலமானார். பெப்ரவரி முதல் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கவிஞர்களின் இடத்தே அடக்கம் செய்யப்பட்டார். நாடோடியென்று சட்டம் இகழ்ந்த தொழிலினர்க்குப் பிரபுக்கள் தொடர்ந்து சென்றனர். ஷேக்ஸ்பியரின் உருவச்சிலையடியில் முதியவராகிய ஜான்ஸன் கண்ணீரில் மூழ்கி நின்றதைக் கம்பர்லண்டு கண்டார்.

அவ்வாண்டிலேயே ஜான்ஸன் தாம் எழுதிய நூலொன்றில், காரிக்கின் மறைவு பல தேசங்களின் மகிழ்ச்சியை மறைத்துவிட்டது என்னும் பொருள்பட எழுதினார். மிகையுரையை எவரிடத்தும் பொறாதவர் அவர். அவருடைய அணுக்கரான பாஸ்வெல், காரிக்கை அறிந்தது ஒரே தேசமாயிருக்கப் பல தேசங்கள் என்றல் மிகையன்றோ என்று வினவினார். சிறிது மிகைக்கு இடந்தர வேண்டும் என்று முதியவர் ஒப்புக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மாணாக்கரின் மிகையைக் கண்டித்த ஆசான், மாணாக்கரை இழந்த துயரில் தாமே மிகையைப் புகலடைந்தார். 1784-ல் அவரும் மறைந்து, காரிக்கின் அருகிலேயே அடக்கமாயினார்.

அவ்வாலயத்தில் 1797-ல் நிறுவப்பட்ட காரிக்கின் சிலை, இரு கையாலும் திரையை விலக்கிக்கொண்டு வெளிப்படும் கோலத்தில் உள்ளது. இறந்தோர் அமைதியுறும் ஆலயத்தில் மேடைக்கோலம் தகுமோ என்று சார்லஸ் லாம் என்னும் கட்டுரையாசிரியர் வெகுண்டு எழுதினார். காரிக் தாமே மக்களுக்கு முன் இறுதியாக நின்ற கோலம் அதுவன்று என்பதை அச்சிலை செய்வித்தோர் மறந்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே, இச்சரித்திரத்தினின்று மிகை என்பது மூவகைப்படும் என்று அறியலாம். க்வினுடையது பழக்கத்தால் வந்த மிகை. காரணம் மறைந்த பின்னும் கை தானே வீசும். காரிக் விருந்திற் காட்டியது புகழாசையால் வந்த மிகை. பிறர் நோக்காவிடின் தாம் இல்லை என்று அஞ்சும் நெஞ்சத்தின் நோய் அது. ஜான்ஸன் எழுதியது அன்பு பெருகி வழிந்த மிகை. அதனைக் குற்றமென்பார் கல்நெஞ்சர். திருமணப் பந்தலிலும், துக்க வீட்டிலும், கூட்ட மேடையிலும் நாம் சொல்லும் சொல்லும் செய்யும் சடங்கும் இம்மூன்றனுள் எதனைச் சார்ந்தவை என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே வினவிக்கொள்வது நலம். கடன்பட்டு ஆடம்பரஞ் செய்யும் குடும்பங்கள் பல, எவரோ கைதட்டுவர் என்னும் எண்ணத்தினாலேயே அழிகின்றன.

முடிவில் ஒன்று. க்வின் 1766-ல் பாத் நகரில் இறந்தபோது அவர் கல்லறைக்குரிய பாட்டை எழுதிக் கொடுத்தவர் காரிக். மேடையில் எதிரிகளாய் நின்றவர் வாழ்க்கையில் நண்பராயினர். தாம் வென்ற முறைமையின் தலைவரையும் மதித்துப் போற்றிய அப்பண்பில் நடிப்பு சிறிதும் இல்லை. மேடையில் அவர் கண்ட அளவு மனையிலும் அவர்க்குச் சிற்சில வேளைகளில் கைவந்தது. நமக்கு அஃது எப்பொழுதும் கைவருமாக.